சர்வருக்கு ஓர் அறை

கடை வரைபடத்தில் பின்பக்கத்துக் கட்டத்துக்குள் சிவப்புப் பேனாவால் 'சர்வர்' என்று எழுதியதும், கடைகளின் கம்ப்யூட்டர் வேலையைப் பார்க்கும் அவளுக்குப் பெரிய நிம்மதி. மற்றக் கிளைகளுக்கெல்லாம் இடம் முடிவாகிவிட்டது. இழுத்தடித்துக்கொண்டிருந்த கடைத்தெருக் கிளையும் இதோடு ஒழிந்தது. தலைமை அலுவலகத்தோடு இணைப்பு அறுந்தாலும் எந்தக் கிளையிலும் பில் போடுவது நிற்கக் கூடாது என்பது முதலாளியின் ஒரே நிபந்தனை. அதற்கு, பில் கணக்கை அங்கேயே வைத்துக்கொள்ளும் சின்ன சர்வர் கம்ப்யூட்டர் கிளைக்கொன்று வேண்டும். அந்த மகாராஜாவுக்கு ஏசியும் பூட்டும் வேண்டும்.

வாய் சும்மா இருக்காமல், வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த நாத்தனாரிடம் சொன்னாள். நாத்தனாருக்கு அதே கிளையில்தான் கல்லா வேலை.

"பின்னாடி ஏசி ரூமா? அங்கதானே நாங்க சாப்பிடறோம்."

"பிளான்ல ஸ்டோர்னு போட்டிருக்கே அண்ணி."

"காலைலேர்ந்து நின்னுட்டு, காலை நீட்ட இருக்கற ஒரே இடம் அது. சரி விடு, உன் மெஷினுக்கு வேர்க்கக் கூடாது. எங்களுக்கு வேர்த்தா என்ன!"

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். அண்ணி சிரித்துக்கொண்டே சொன்னதுதான் சுருக்கென்று தைத்தது.

மறுநாள் மதியம் நேரில் போய்ப் பார்த்தாள். கல்லாப் பெண்கள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, அட்டைப்பெட்டிகள் மேல் காலை நீட்டி, டப்பாக்களை மாற்றி மாற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இவளைக் கண்டதும் ஒருத்தி எழுந்து இடம் கொடுத்தாள். அந்த மரியாதை அவளுக்கு வெட்கமாக இருந்தது. சர்வருக்கு வேறு இடம் தேடிப் படிக்கட்டுக்கு அடியில் பார்த்தாள், சுவரெல்லாம் ஈரம். கிடங்கில் அனல். சாயங்காலத்துக்குள் வரைபடத்தை அனுப்பியாக வேண்டும். மிச்சம் இருந்தது மேனேஜரின் அறை. ஏசி, பூட்டு, போதாக்குறைக்கு யாரும் உட்காராத ஒரு சோபா.

மேனேஜர் ஒரேயடியாக மறுத்தார். "என் ரூமா? அதெல்லாம் சரிப்படாதும்மா. சத்தம் போடும்."

"சார், கடையோட மொத்த வியாபாரமும் அதுக்குள்ளதான் இருக்கும். கண்ட இடத்துல வைக்க முடியுமா? சாவி பொறுப்பான ஒருத்தர் கையில இருக்கணும்."

மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதுவும் சரிதான்" என்றவர், சோபாவை எங்கே நகர்த்துவது என்று தானே யோசிக்க ஆரம்பித்தார். அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. ஏசியை எவ்வளவு குளிராக வைக்க வேண்டும் என்பதை அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

சோதனை நாளன்று, கடையில் கூட்டம் இருக்கும்போதே வெளி இணைப்பின் கேபிளை அவளே பிடுங்கினாள். கல்லாக்கள் தம்பாட்டுக்கு பில் துப்பிக்கொண்டிருந்தன. வரிசையில் நின்ற யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அண்ணியிடம் சொல்லப் பின்பக்கம் ஓடினாள்.

வழியில் மேனேஜர் தன் அறையிலிருந்து வெளியே வந்தார். காதைச் சுற்றி மஃப்ளர், கையில் ஆவி பறக்கும் டீ.

"எல்லாம் ஓடுதாம்மா?"

"ஓடுது சார்."

பின்பக்க அறையின் பாதி திறந்திருந்த கதவுக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. அட்டைப்பெட்டி மேல் அண்ணியின் இரண்டு கால்கள், ஏசிக் காற்றில் விரல்களை விரித்து விரித்து மடக்கிக்கொண்டிருந்தன.