ஊர் தெரியாத இரண்டு தேரைகள்

மனைவி ஐறீன் செத்தபோது தயாபரனுக்கு விட்டுப்போனவை கொட்டாஞ்சேனையில் ஓர் அறை, அவளுடைய தாய் மேபல், ஒரு பெரிய போத்தல் நிறைய ஸ்பிரிட்டில் ஊறிய தேரைகள். இவற்றில் தேரைகளோடு மட்டும் அவனால் நிம்மதியாக இருக்க முடிந்தது.

தாஷ்கந்தில் படித்த காலத்தில் மத்திய ஆசியா முழுக்க அலைந்து அவள் பிடித்தவை. பச்சைத் திட்டுப் போட்ட தேரைகள். சமவெளியில் இருப்பவற்றின் உயிரணுவில் நிறமூர்த்தம், அதாவது குரோமோசோம், இரண்டு தொகுதி, மலையில் இருப்பவற்றில் நான்கு. வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே மூஞ்சி. எந்த இனம் எதுவரை பரவியிருக்கிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. ஆகவே பிடித்த ஊரைத் துண்டில் எழுதி ஒவ்வொன்றின் காலிலும் கட்டியிருந்தாள். ஊர் இல்லாத தேரை வெறும் ஊறுகாய்.

வெள்ளிக்கிழமை அவளுடைய சிநேகிதன் ஹெக்டர் தாஷ்கந்துக்குப் போகிறான். போத்தலைப் பேராசிரியரிடம் சேர்த்தால் ஆராய்ச்சி ஐறீனின் பெயரில் அச்சாகும். இல்லாவிட்டால் அவளோடு அதுவும் போயிற்று.

செவ்வாய்க்கிழமை, யுத்த காலத்தில் தமிழர் வீடுகளைச் சோதிக்கிற வழக்கப்படி, பொலிஸ் வந்தது. சார்ஜன்ட் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அவருக்குத் தமிழ் கொஞ்சம் வரும்.

"எந்த ஊர்?"

"உஸ்பெகிஸ்தான் சேர். கொஞ்சம் தஜிகிஸ்தான், கிர்கிஸ்தான்."

"கொழும்புக்கு என்னத்துக்கு வந்தது?"

இதே இரண்டு கேள்விகளையும் சற்று முன்னர்தான் தயாபரனிடமும் கேட்டிருந்தார். யாழ்ப்பாணத்துக் கொக்குவில், கலியாணம் கட்டி வந்தனான் என்று சொன்ன பதிலில் அவருக்குத் திருப்தியில்லை. தேரைகளின் பதிலிலும் இல்லை.

துண்டுகளில் இருந்தது ருஷ்ய எழுத்து. தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை, இங்கிலீசும் இல்லை, ஆகவே இரகசியம். சார்ஜன்ட் கத்தரிக்கோல் கேட்டார். மேபல் மாமி பயத்தில் எடுத்தே கொடுத்துவிட்டாள். நூல்களை நறுக்கித் துண்டுகளை உறைக்குள் போட்டுக்கொண்டு போனார். தேரைகள் அவருக்கு வேண்டாம்.

ஐறீனின் சவப்பெட்டியை மூடியபோது ஒன்றும் ஆகாதவன் இப்போது போத்தலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அந்தோனியாருக்கு நேர்ந்திட்டன்," என்றாள் மாமி. "காணாமப் போனதைக் கொண்டாறவர். கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திட்டு வாறன்."

"அந்தோனியாருக்கு ருஷ்யன் தெரியுமோ மாமி?"

"அவர் லிஸ்பன் ஆள். உம்மட தேரையளைவிடத் தூரத்தில இருந்து வந்தவர். வாயைப் பொத்தும்."

வியாழக்கிழமை துண்டுகள் திரும்பி வந்தன. ருஷ்யன் தெரிந்த யாரையோ பிடித்து வாசித்துப் பார்த்தார்களாம். ஊர்ப் பெயர்களும் திகதிகளும்தான். அந்தோனியார் பொலிசிலும் பகுதிநேர வேலை பார்க்கிறார் போலும்.

ஆனால் எந்தத் துண்டு எந்தக் காலில் இருந்தது?

தயாபரன் தேரைகளைத் தாம்பாளத்தில் பரப்பினான். அறுத்த நூலில் பாதி துண்டில் இருந்தது, பாதி காலில். ஐறீன் அந்தந்த ஊரில் அகப்பட்ட நூலால் கட்டியிருந்தாள். ஓஷ் சிவப்பு, சமர்கந்த் மஞ்சள், துஷான்பே ஏதோ ஒரு ஊதா. மாமி நிறத்தைச் சொல்லச் சொல்ல அவன் கட்டினான்.

கடைசியில் இரண்டு தேரைகள் மிஞ்சின. துண்டுகளும் இரண்டு: ஒன்று சமவெளி புகாரா, மற்றது மலைமேல் ஹொரோக். துண்டுகளிலும் கால்களிலும் ஒரே கறுப்பு நூல். மாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு இழுத்துப் பார்த்தாள்.

"இது நூல் இல்லை மகன். மயிர்."

நூல் முடிந்தால் கடைக்குப் போகிற ஆள் இல்லை ஐறீன். தலையில் இருந்து பிடுங்கியிருக்கிறாள். தயாபரன் அதை விரலில் சுற்றினான், அவிழ்த்தான், திரும்பச் சுற்றினான்.

"ஏதோ ஒண்டில கட்டும்," என்றாள் மாமி, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "தேரை வந்து வழக்குப் போடப் போகுதே?"

"மாறிக் கட்டினா மலைத் தேரை பாலைவனத்தில இருக்கிறதா அச்சாகும் மாமி. அவளின்ர பேரில."

"அப்ப திரும்ப அந்தோனியாரைக் கேப்பம்."

"அவரின்ர வேலை துண்டோட முடிஞ்சுது."

வெள்ளிக்கிழமை ஹெக்டர் போத்தலைக் கொண்டுபோனான். அந்த இரண்டும் போகவில்லை. ஜாம் போத்தல் ஒன்றில், மயிரோடும் துண்டுகளோடும், அலுமாரிக்கு மேல் குடியேறின.

அடுத்த சோதனைக்கும் அதே சார்ஜன்ட்தான் வந்தார்.

"வீட்டில எத்தனை பேர்?"

"நாலு," என்றாள் மாமி. "ரெண்டு பேருக்கு ஊர் தெரியாது."

அவர் அலுமாரிக்கு மேலே பார்த்தார். பிறகு தயாபரனைப் பார்த்தார். இந்த முறை கத்தரிக்கோல் கேட்கவில்லை.