அம்சவல்லி கட்டிய மூட்டைகள்

1.

இந்தக் கதையில் நான் கண்ணால் கண்டது கொஞ்சம்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விருத்தாசலத்தில் மணிமுக்தாற்றுப் பாலத்தின் மேல் பஸ் நின்றுவிட்டது. கீழே மணலில் ஒருவன் இரும்புத் தகடு ஒன்றைக் கயிற்றால் இழுத்துக்கொண்டு போனான். தகட்டின் மேல் சாக்கு மூட்டைகள். பின்னால் ஒரு பெண் நடந்தாள். அவள் அவனைப் பார்க்கவில்லை, மூட்டைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. மீதியெல்லாம் நான் இட்டுக்கட்டியது.

அவளுக்கு அம்சவல்லி என்று பெயர் வைத்தேன், அவனுக்கு மாயவன் என்று. கணவன் மனைவி. இரண்டு பேருக்கும் நாற்பதை ஒட்டிய வயது. அவன் இன்சுலேட்டர் செய்கிற பீங்கான் கம்பெனியில் சூளையிலிருந்து சரக்கு இறக்குகிறவன். அவள் பீங்கான் பொம்மைக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள்.

2.

தொடக்கம் வரவில்லை. தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

‘பொழுது புலர்கையில் மணிமுக்தாறு வெள்ளிச் சரிகையாய்’ — ஆற்றில் தண்ணீரே இல்லை. அடித்துவிட்டேன்.

‘வலிமை என்பது உண்மையில்’ — இது கட்டுரை. யாரும் கேட்கவில்லை.

சரி, நடப்பதை நடக்கிறபடியே சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்தாறு பேர் ஆற்றுக்குள் இறங்குவார்கள். கைப்பிடி வலுவுக்கென்றே பயிற்சி செய்கிற கூட்டம். ஆரம்பித்துவைத்தவன் பிரவீன்குமார், ஸ்ரீமுஷ்ணம் போகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர். படிக்கட்டில் தொங்கித் தொங்கிக் கை இறுகிப்போனவன். போனில் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு இந்தப் பைத்தியத்தை ஊருக்குள் கொண்டுவந்தான்.

முதலில் பழைய லாரி டயரைச் சம்மட்டியால் அடிக்க வேண்டும். மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே, உட்காராமல், தகட்டை இழுக்க வேண்டும். அதற்கு வண்டி என்று பெயர், சக்கரம் கிடையாது. கயிற்றை இடுப்பில் கட்டக் கூடாது, தோளில் போடக் கூடாது, கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது. விரல்களால் மட்டும் பிடிக்க வேண்டும். காலும் முதுகும் இன்னும் தாங்கும், விரல்தான் முதலில் விட்டுக்கொடுக்கும். அந்த விரலுக்காகத்தான் இத்தனை பாடு. கடைசியாக, சம்மட்டிக் காம்பின் நுனியைப் பிடித்துக் கையை நீட்டி, மணிக்கட்டை மட்டும் மடக்கி, இரும்புத் தலையை மூக்குவரை இறக்கி மறுபடி நிமிர்த்துவார்கள். மூக்கு தப்பித்தால் வீட்டுக்குப் போகலாம்.

(வாரம் முழுக்கச் சூளையில் சுமக்கிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் சுமையா என்று நீங்கள் கேட்பீர்கள். அம்சவல்லியும் கேட்டிருக்கிறாள். அதற்கு மாயவன் சொன்னது: “வாரம் பூரா கம்பெனிக்குத் தூக்குறேன். இது ஒண்ணுதான் எனக்குன்னு தூக்குறது.”)

3.

தை மாதத்தில் ஒரு ஞாயிறு வண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. கயிறு மாயவனின் இடது கையிலிருந்து நழுவியது. எடுத்தான், மறுபடி நழுவியது. கூட இருந்தவர்கள் கண்டும் காணாததுபோல் இருந்தார்கள். வீட்டுக்கு வந்தவன் அந்த வாரம் யாரோடும் பேசவில்லை. சாப்பிட்டான், வேலைக்குப் போனான், திரும்பி வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். அம்சவல்லிக்கு அவனுடைய பேசாத முகத்தைக் கண்டால் பயம். ஒரு அடி அடித்திருந்தால்கூட —

(இல்லை. மாயவன் அடிக்கிறவன் இல்லை. இந்த வாக்கியத்தை இப்படியே விட்டுவிடுகிறேன்.)

மூட்டைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஆள் தனி மூட்டை. மாயவனுடைய மூட்டைகளில் இருப்பவை சூளையில் விரிசல் விட்டு ஒதுக்கப்பட்ட இன்சுலேட்டர்கள். மின்கம்பியைத் தாங்குகிற அந்தப் பீங்கான் கட்டி கெட்டியானது, கனமானது. சாக்கு அடிக்கடி கிழியும். மாற்றிக் கட்டுவதும் வண்டியில் ஏற்றி இறக்குவதும் அம்சவல்லி. இழுக்கப் போகிறவனின் விரலுக்கு வேறு வேலை வைக்கக் கூடாது என்பது அவர்கள் வைத்துக்கொண்ட முறை.

அவள் வேலை பார்க்கும் இடத்தில், சூட்டில் கழுத்து கோணிப்போன பொம்மைகள் மூலையில் குவிந்து கிடக்கும். அச்சில் வார்த்த பொம்மைக்குள் ஒன்றுமே இருக்காது, வெறும் கூடு. ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு வந்தாள். அடுத்த ஞாயிறு ஒரு மூட்டையின் அடியில் பொம்மைகள் இருந்தன, மேலே இன்சுலேட்டர்கள். மூட்டையின் பருமன் மாறவில்லை, எண்ணிக்கை மாறவில்லை, வண்டி மட்டும் மணலில் கிழித்த கோடுவரை போய்ச் சேர்ந்தது.

மாயவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். வருகிற வழியில் கறி எடுத்தான். அன்று முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தான்.

* குறிப்பு: பொம்மைகள் உள்ளே கலகலக்காதா? வைக்கோல் திணித்தாள். நீங்கள் இதைக் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

பங்குனி முடிவதற்குள் எல்லா மூட்டையிலும் பொம்மைகள் வந்துவிட்டன.

4.

இந்த இடத்தில் அம்சவல்லி மேல் எனக்குக் கோபம் வந்தது. பிறகு இரக்கம் வந்தது. இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு, அவள் பார்த்ததைப் பார்க்கிறேன்.

மாயவன் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டுவதை அவள் பார்த்தாள். இடது கையில் கடைசி இரண்டு விரல்களையும் உதறிக்கொண்டே இருந்தான். ஒரு நாள் அவன் தட்டை நீட்டும்போது, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை வற்றிக் குழி விழுந்திருப்பது தெரிந்தது. சம்மட்டி பிடிக்கிறவனின் கையில் அந்த இடம் புடைத்துக்கொண்டு இருக்க வேண்டும்.

அண்ணனுக்கு என்று பொய் சொல்லி ஒரு டாக்டரம்மாவிடம் கேட்டாள். எங்கோ நரம்பு அழுந்துகிறது, சீக்கிரம் வந்தால் கையைக் காப்பாற்றலாம், சதை கரைந்துபோனால் திரும்பி வராது என்றார் அந்த அம்மா. அன்று சாயந்திரமே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று மாயவனைக் கூப்பிட்டாள். அவன் சிரித்தான்.

“வண்டியே அலுங்காம வருது. கையில என்னா கோளாறு இருக்கப்போவுது?”

கை நன்றாக இருக்கிறது என்று அவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தவை அவள் கட்டிய மூட்டைகள்தான். அவனுக்காகச் செய்தேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். தன் பயத்துக்காகச் செய்தோம் என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. ஆனாலும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறும் மூட்டை கட்டினாள்.

5.

கதைக்கு ஒரு நெருக்கடி வேண்டும். பிரவீன்குமார் கொண்டுவந்தான். கடலூரில் போட்டி நடக்கிறதாம். பாரத்தை எடைபோட்டு, இழுப்பதை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டுமாம். வருகிற ஞாயிறு தொங்கும் தராசோடு வருகிறான். மாயவன் பெயரைத்தான் முதலில் கொடுத்திருக்கிறான்.

முடிவு அ: சனிக்கிழமை அம்சவல்லி பொம்மைகளைக் கொட்டிவிட்டு இன்சுலேட்டர்களை நிரப்புகிறாள். வண்டி நகரவில்லை. மாயவன் தானாகவே டாக்டரிடம் போகிறான். அவள் செய்தது யாருக்கும் தெரியாது. இந்த முடிவு எனக்கு ஒரு நாள் முழுக்கப் பிடித்திருந்தது. ஆனால் அவன் டாக்டரிடம் போகமாட்டான், சுவரைப் பார்த்துப் படுப்பான். போதாததற்கு, நாலு பேர் முன்னால் அவனைத் தோற்கவைத்துத் தான் தப்பித்துக்கொள்கிறவளாக அவளை எழுத எனக்கு மனம் வரவில்லை.

முடிவு ஆ: மாயவனுக்கு எல்லாம் முன்பே தெரியும். அவளுக்காகத்தான் தெரியாததுபோல் இருந்தான். இரண்டு பேரும் அழுகிறார்கள். வாசகர்களுக்குப் பிடிக்கும் என்பதால் எழுதியும்விட்டேன். பிறகு கிழித்தேன். தெரிந்திருந்தால் அவன் அந்த ஞாயிறுகளில் அப்படிச் சிரித்திருக்கமாட்டான்.

முடிவு இ: தராசு பழுதாகி — வேண்டாம், வெட்கமாக இருக்கிறது.

6.

கிழித்த தாள்களை எடுத்துப் படித்தபோது ஒன்று தெரிந்தது. முதல் வரைவில் மாயவனுக்குக் கை ‘கொஞ்சம் வலித்தது’, அவ்வளவுதான். இரண்டாவது வரைவில் டாக்டரம்மா ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்கிறார். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்களோ என்று பயந்து நானும் பூசி மெழுகியிருக்கிறேன். நான் முடிவுகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்த நாட்களில் அங்கே அவன் கை இன்னும் கொஞ்சம் வற்றியிருக்கும்.

போதும். சனிக்கிழமை சாயந்திரம். வீட்டுப் பின்பக்கம். மாயவன் சம்மட்டிக் காம்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறான். அம்சவல்லி ஒரு மூட்டையை அவன் முன்னால் இழுத்துப்போட்டு, வாயை அவிழ்த்துக் கவிழ்க்கிறாள். இன்சுலேட்டர்கள் உருண்டன. பிறகு வைக்கோல் வந்தது. பிறகு கழுத்து கோணிய பொம்மைகள், ஒன்றன்மேல் ஒன்றாக.

“இது என்னா?”

“நாந்தாங்க வச்சேன். வண்டி உங்க பலத்துல வரல. உங்க கையி போயிகிட்டு இருக்குது. நாளைக்கு ஆத்துக்கு வாணாம். திங்கக்கிழம டாக்டர்கிட்ட போவலாம்.”

மாயவன் ஒரு பொம்மையை இடது கையால் எடுத்தான். அது விரலிடுக்கில் நழுவி விழுந்தது. வலது கையால் எடுத்துத் தூக்கிப் பார்த்தான், எவ்வளவு கனம் என்று. அம்சவல்லி எதிர்பார்த்தபடி அவன் எழுந்து உள்ளே போகவில்லை. சுவரைப் பார்க்கவும் இல்லை. அவளைத்தான் பார்த்தான்.

“எப்பலேருந்து?”

இதற்கு அவளிடம் இரண்டு பதில்கள் இருக்கின்றன. போன வாரந்தான் என்று சொல்லலாம். சொன்னால் அவன் சிரித்த ஞாயிறுகள் எல்லாம் அவனுக்கே இருக்கும். தையிலிருந்து என்றால் அவற்றில் ஒன்றுகூட அவனுடையது இல்லை.

அவள் வாயைத் திறந்துவிட்டாள். நான் இதோடு நிறுத்திக்கொள்கிறேன், பதிலை நீங்கள்தான் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை டாக்டரும் இதைத்தான் முதலில் கேட்பார், கை எப்போதிலிருந்து இப்படி என்று. அங்கே பதில் சொல்லப்போகிறவன் மாயவன். நீங்கள் இப்போது சொல்வதைத்தான் அவன் அங்கே சொல்லுவான்.