பெரியவர் வழியாகப் பேசியவர்கள்

அக்காவும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் இருப்பது ஒரே வீட்டில். மூன்றாவது மாடி, இரண்டு படுக்கையறை, நடுவில் ஒரு நடை. அப்பா விட்டுப்போன வீடு. விற்பதென்றால் உட்கார்ந்து பேச வேண்டும், அதனால் விற்கவும் இல்லை. அக்காவுக்குத் தபால் நிலையத்தில் பார்சலை எடைபோட்டு வாங்கும் வேலை. தம்பிக்கு பேக்கரியில் அடுப்படி வேலை, விடியுமுன்னே கிளம்பிவிடுவான். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் காலம் தள்ள இதைவிடத் தோதான ஏற்பாடு அமையாது.

அவசரத்துக்கு ஃபிரிட்ஜ் இருந்தது. "குழாய் ஒழுகுது" என்று அக்கா ஃபிரிட்ஜைப் பார்த்துச் சொல்வாள். "ஆளுக்குச் சொல்லியாச்சு" என்று தம்பியும் அதைப் பார்த்தே பதில் சொல்வான். வருடக்கணக்கில் இப்படியே ஓடிவிட்டது. ஃபிரிட்ஜுக்கு வாய் இருந்திருந்தால் இரண்டு பேரையும் என்றோ வெளியே போகச் சொல்லியிருக்கும்.

சண்டைக்குக் காரணம் ஒரு மாத்திரை. அப்பா படுத்த படுக்கையாக இருந்தபோது ஒரு நாள் இரவு மாத்திரை தவறிப்போனது. தம்பி கொடுத்திருப்பான் என்று அக்கா இருந்துவிட்டாள், அக்கா கொடுத்திருப்பாள் என்று தம்பி இருந்துவிட்டான். காலையில் அப்பா எழுந்திருக்கவில்லை. ஒரு வேளை மாத்திரையால் எதுவும் மாறியிருக்காது என்று டாக்டர் எவ்வளவோ சொன்னார். இரண்டு பேரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "நீ குடுக்கலையா?" என்று அவள் கேட்டாள். "நீ குடுக்கலையா?" என்று அவனும் கேட்டான். நேருக்கு நேர் பேசிய கடைசிப் பேச்சு அது.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் அக்கா ஒரு நாள் கிழட்டு நாய் ஒன்றைக் கூட்டிக்கொண்டு வந்தாள். யாரையும் கேட்கவில்லை. யாரைக் கேட்பது, ஃபிரிட்ஜையா?

நாய்க் காப்பகத்தில் அவருக்குப் பெரியவர் என்று பெயர். மூஞ்சியெல்லாம் நரை, ஒரு கண்ணில் புரை, இடுப்பு பிடித்துக்கொண்ட நடை. பெயர் அப்படி இருந்ததால் மரியாதையும் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. அவரை 'அது' என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. காப்பகத்துப் பெண் எதையும் மறைக்கவில்லை.

"ஒரு மாசம் வச்சுப் பாருங்க. ஒத்து வரலைன்னா திருப்பிக் கொண்டு வந்துடலாம். ஆனா ஏற்கெனவே ரெண்டு வீட்ல இவரைத் திருப்பிட்டாங்க. இன்னொரு தடவை திரும்பி வந்தார்னா, அப்புறம் யாரும் கேட்க மாட்டாங்க. கடைசி வரைக்கும் கூண்டுதான்." பிறகு ஒரு மாத்திரை அட்டையை நீட்டினாள். "இதயம் கொஞ்சம் வீக். நெஞ்சுல நீர் சேராம இருக்கறதுக்கு இது. ஒரு நாளைக்கு ஒண்ணு. மறந்துடாதீங்க."

மறந்துடாதீங்க என்ற சொல் அக்காவை எங்கே போய்க் குத்தும் என்று அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

வந்த புதிதில் பெரியவர் வாசற்கதவைப் பார்த்தே படுத்திருந்தார். யாராவது பார்த்தால் சாப்பிட மாட்டார். துடைப்பத்தைக் கண்டால் மேஜைக்கு அடியில் போய்விடுவார். எந்த வீட்டில் எதனால் அடி வாங்கினாரோ. தம்பி முதல் நாள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஃபிரிட்ஜுக்குத் துணைக்கு ஆள் வந்தாச்சு" என்று முணுமுணுத்ததோடு சரி. ஆனால் மறுநாளே பேக்கரியிலிருந்து மிருதுவான பன் ஒன்று வந்தது. பல் போன வாய்க்குப் பன் தோதாக இருந்தது. சில நாளில் பெரியவர் வாசலை விட்டு எழுந்துவந்து, இரண்டு படுக்கையறைகளுக்கும் நடுவில், நடையில் சரியாகப் பாதியில் படுக்க ஆரம்பித்தார். யார் பக்கமும் சாயவில்லை.

அதோடு ஃபிரிட்ஜுக்கு ஓய்வு கிடைத்தது. "பெரியவரே, பல்பு போயிடுச்சுன்னு சொல்லுங்க" என்பாள் அக்கா. "மாத்தறேன்னு சொல்லுங்க பெரியவரே" என்பான் தம்பி. பெரியவர் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பார். கேட்டுக்கொள்ள ஒரு முகம் இருந்ததாலோ என்னவோ, இரண்டு பேருக்கும் பேச்சு கொஞ்சம் நீண்டது. அக்காவுக்கே அது பிடித்திருந்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

மாத்திரை விஷயத்தில் மட்டும் அவள் யாரையும் நம்பத் தயாராக இல்லை. சாயங்காலம் வேலை விட்டு வந்து செருப்பைக் கழற்றியதும் முதல் காரியம் அதுதான். அவித்த முட்டைத் துண்டில் பொதிந்து ஊட்டிவிட்டு, தொண்டைக்குள் இறங்குகிறதா என்று கழுத்தைத் தடவிப் பார்ப்பாள். முதல் அட்டை தீரும் முன்பே அடுத்ததை வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அலமாரியில் வைப்பானேன், தொலைப்பானேன்?

மூன்றாவது வாரத்தில் பெரியவர் மாறிப்போனார். தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பி மாளவில்லை. நடையில், சோபாவுக்குப் பின்னால், கதவு மூலையில், நின்ற இடத்தில் எல்லாம் ஈரம். வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டுத் திரும்பி வந்து கதவைத் திறப்பதற்குள் மறுபடியும். ஒரு நாள் தம்பியின் வெள்ளை ஷூவுக்குள்ளேயே போய்விட்டார். போய்விட்டு, அடி விழும் என்று மேஜைக்கு அடியில் போய் நடுங்கிக்கொண்டிருந்தார்.

தம்பி ஷூவைக் கவிழ்த்துக் கழுவிவிட்டு மேஜைக்கு அடியில் குனிந்தான். "இந்த வீடு உங்களுக்குப் பிடிக்கலைன்னா சொல்லிடுங்க பெரியவரே."

அவன் ஆதங்கத்தில் சொன்னதுதான். அக்காவுக்கோ அது தன்னைக் குத்திக் காட்டியதாகப் பட்டது. கேட்காமல் கூட்டிக்கொண்டு வந்தாய் அல்லவா, அனுபவி என்கிறான். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு காப்பகத்துக்குப் போன் போட்டாள். சனிக்கிழமை கொண்டு வந்து விடுகிறேன் என்று சொல்லும்போது குரல் உடைந்தது. அந்தப் பக்கம் காப்பகத்துப் பெண் "சரிங்க" என்றாள். அவளுக்கு இது பழகியிருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை அக்கா வீடு திரும்பியபோது பெரியவர் எழுந்திருக்கவில்லை. தூக்கி நிறுத்தினால் பின்னங்கால் மடங்கியது. நாக்கு உலர்ந்து பசைபோல ஒட்டியது. முட்டைத் துண்டை மோந்துகூடப் பார்க்கவில்லை. மூன்று மாடி இறக்க அவளால் ஆகாது. சோபாவில் தூங்கிக்கொண்டிருந்த தம்பியின் முன்னால் போய் நின்றாள். எழுப்புவதற்கு எந்தப் பெரியவரைப் பிடிப்பது? கடைசியில் சோபாவை ஓங்கி உதைத்தாள். தம்பி கண் விழித்தான், அவள் முகத்தைப் பார்த்தான், ஒன்றும் கேட்காமல் போர்வையோடு பெரியவரை வாரி எடுத்துக்கொண்டு படியிறங்கினான்.

கால்நடை மருத்துவமனையில் இருந்தவர் ஒரு பெண் டாக்டர். வீடெல்லாம் ஈரமாவதை அக்கா சொல்லக் கேட்டுக்கொண்டே தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளிய இடம் அப்படியே நின்றது. "உடம்புல தண்ணியே இல்லையே" என்றார். "இவருக்கு மாத்திரை யார் குடுக்கறது?"

"நான்தான்" என்றாள் அக்கா.

"நான்தான்" என்றான் தம்பி.

இரண்டு சொல்லும் ஒன்றாகவே விழுந்தன. டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"யாராவது ஒருத்தர் சொல்லுங்க."

தம்பி மேஜைமேல் கிடந்த பெரியவரிடம் குனிந்தான். "குப்பையில காலி அட்டை கிடந்துச்சு பெரியவரே. புதுசு எங்கேயும் காணோம். வாங்கலையான்னு உங்ககிட்ட சொல்லிக் கேட்டேன். பதில் வரல. இதையும் விட்டுட்டாங்கன்னு நெனச்சேன். அதான் நானே வாங்கி, காலையில பன்ல வச்சு—"

"அது என் காதுல எப்போ விழுந்துச்சு?" அக்கா பெரியவரின் காதைப் பார்த்துச் சொன்னாள். "குளிச்சுக்கிட்டு இருந்திருப்பேன். அட்டை என் பையில இருக்கு. ஒரு நாள் விட்டதில்லை."

"நாய்கிட்ட பேசாதீங்க!" டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது. "என்கிட்ட பேசுங்க. இல்ல, ஒருத்தருக்கொருத்தர் பேசுங்க. இது உடம்புத் தண்ணிய இறக்கற மாத்திரை. ரெண்டு பேரும் ஆளுக்கொண்ணு குடுத்திருக்கீங்க. அந்த மனுஷன் வீடெல்லாம் போகாம என்ன பண்ணுவார்?"

டாக்டர் மனுஷன் என்றே சொன்னார். யாரும் திருத்தவில்லை.

ஊசி குத்தி டிரிப் ஏற்றினார்கள். சிறுநீரகம் தாங்கியிருக்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். வெளியே பெஞ்சில் அக்கா ஒரு கோடியிலும் தம்பி மறு கோடியிலும் உட்கார்ந்தார்கள். நடுவில் பெரியவர் இல்லை, ஃபிரிட்ஜும் இல்லை. அக்கா கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள். இனியும் மறைத்து என்ன ஆகப்போகிறது?

"நாளைக்கு இவரைத் திருப்பி விடறதா காப்பகத்துல சொல்லிட்டேன்" என்று எதிர்ச் சுவரிடம் சொன்னாள்.

தம்பி முழுசாக அவள் பக்கம் திரும்பினான். "யாரைக் கேட்டு சொன்னே?"

அவன் கண் அவள் கண்ணில் நின்றது. இத்தனை காலம் கழித்துப் பேசுகிறான், அதுவும் அதட்டுகிறான்.

"யாரைக் கேட்கறது? நீதான் பேசறதே இல்லையே!"

"நீ பேசினியா?"

"வீடு பிடிக்கலைன்னா சொல்லிடுங்கன்னு நீதானே சொன்னே?"

"அவர்கிட்டதான் கேட்டேன்க்கா. அவர் போயிடுவாரோன்னு பயந்து கேட்டேன்." அவன் குரல் சட்டென்று இறங்கியது. "காலையில பன்ல வைக்கும்போதெல்லாம் அப்பா ஞாபகம்தான். இந்தத் தடவை விட்டுடக் கூடாது, விட்டுடக் கூடாதுன்னு."

முட்டைத் துண்டைப் பிடித்துக்கொண்டு தினமும் அவள் மனசுக்குள் சொன்னதும் அதேதான். வாய் திறந்தபோது அழுகையோடு வேறொன்று வந்தது. "அன்னைக்கு நீ குடுத்திருப்பேன்னு நெஜமாவே நெனச்சேன்டா."

"தெரியும்" என்றான் தம்பி. "நானும் அப்படித்தான்."

டாக்டர் வந்து, சிறுநீரகம் கொஞ்சம் சோர்ந்திருக்கிறது, ஆனால் தேறிவிடுவார் என்றார். இரண்டு நாள் மாத்திரையே வேண்டாம். அப்புறம் பழையபடி ஒன்று. "ஒண்ணே ஒண்ணு" என்று விரலை நீட்டிக் காட்டினார். சின்னப் பிள்ளைகளிடம் சொல்வதுபோல இருந்தது. இருவரும் தலையாட்டினார்கள். காப்பகத்துக்குத் தம்பியே போன் செய்து, சனிக்கிழமை யாரும் வரமாட்டார்கள் என்று சொன்னான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெரியவர் முட்டைத் துண்டை விழுங்கினார். அக்கா கழுத்தைத் தடவிப் பார்த்தாள், இறங்கிவிட்டது. நடை காய்ந்திருந்தது. அன்று தம்பிக்கு பேக்கரியில் இரட்டை வேலை, வீட்டில் இல்லை. அவள் போனை எடுத்து, அவன் பெயரை ரொம்ப நேரம் தேடி, அழுத்தினாள். அந்தப் பக்கம் அடுப்புச் சத்தமும் தட்டுச் சத்தமும் கேட்டன.

"குடுத்துட்டேன்டா" என்றாள்.

"சரிக்கா" என்றான். "வரும்போது பன் கொண்டாரேன். உனக்கும்."