செவுள் இல்லாத பாட்டில்

கண்ணையனைப் படுக்கப் போட்டது உப்புக் குறைச்சல் என்று டாக்டர் சொன்னபோது அவன் பெண்டாட்டி வேம்புவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலேயே வளர்ந்து, வியர்வை எது கடல் எது என்று தெரியாத மனுஷனுக்கு உப்புக் குறைச்சல் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் அன்று காலையில் ஆள் அசையவில்லை என்பது நிஜம். ஐஸ் பெட்டியை ஒற்றைத் தோளில் தூக்கிப் போகிற உடம்பு, கரையில் ஒதுங்கிய சுறா மாதிரிக் கிடந்தது. கண் மட்டும் சுழன்றது.

கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் ஏதோ ஒரு உப்பைக் கரைத்து நரம்பு வழியே சொட்டுச் சொட்டாக இறக்கினார்கள். மத்தியானத்துக்குள் கட்டைவிரல் ஆடியது. பொழுது சாய்வதற்குள் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டான். மீன் ஏலத்தில் வாங்கி விற்றுப் பழகி, எதைப் பார்த்தாலும் மனசுக்குள் ஒரு விலை போட்டுவிடுகிற வேம்புவுக்கு, அந்தக் கட்டைவிரலுக்கு மட்டும் விலை வரவில்லை. வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் நிர்மலா பொறுமையாக விளக்கினார். இது குழம்புக்குப் போடுகிற உப்பு இல்லை, பொட்டாசியம். கண்ணையனின் சிறுநீரகம் அதைத் தேக்காமல் ஒழுகவிடுகிறது. அதனால் அதை சிரப் மருந்தாக வேளை தவறாமல் குடிக்க வேண்டும், ஆயுசுக்கும். இளநீர் கொடு, வாழைப்பழம் கொடு என்று துறைமுகமே யோசனை சொன்னதற்கு, அது போதாது என்று தலையாட்டிவிட்டார்.

ஒரு நாள் செலவென்றால் தாலியை வைத்தாவது சமாளிக்கலாம். ஆயுசுக்கும் என்றால் அது குடித்தனத்துக்கு வந்து சேர்ந்த இன்னொரு வாய். அந்த வாயும் சாதாரண வாய் இல்லை, வாரம் முடியுமுன் ஒரு பாட்டிலைக் காலி செய்கிற வாய். மார்க்கெட் பக்கம் மருந்துக் கடை வைத்திருக்கும் வினோத்குமாரிடம் வேம்பு பேரம் பேசிய பேச்சில், பின்னால் நின்றவர்கள் மாத்திரை வாங்க வந்ததை மறந்து வேடிக்கை பார்த்தார்கள். கொஞ்சம் இறங்கினான். அதற்கு மேல் முடியாமல், "பேரு வாங்கின கம்பெனி, யக்கா. இதுக்கும் கம்மியா வேணும்னா, கம்பெனி பேரில்லாத மருந்து விக்கிற ஜெனரிக் கடைக்குத்தான் போகணும்" என்று குத்தலாகச் சொன்னான். குத்தலில் இருந்தும் சரக்குத் தகவலைப் பிரித்தெடுக்கத் தெரிந்தவள் வேம்பு. நேராக அங்கே போனாள்.

கடையில் பூர்ணிமா என்கிற இளம்பெண் இருந்தாள். சீட்டைப் பார்த்தாள், பாட்டிலை எடுத்து வைத்தாள், விலை சொன்னாள். வினோத்குமார் இறங்கி வந்த விலையில் பாதிகூட இல்லை.

அங்கேதான் வேம்புவுக்குச் சந்தேகம் பிடித்தது. காலை ஏலத்தில் முதல் விலையே தாழ்ந்து வந்தால் கூடைக்கு அடியில் இளகிய மீன் இருக்கும். மீனென்றால் செவுளைத் தூக்கிப் பார்க்கலாம். பாட்டிலுக்குச் செவுள் ஏது? இன்னும் குறைக்கச் சொல்லிப் பார்த்தாள். போட்ட விலைதான் என்றாள் பூர்ணிமா. சரி, கடைசி சோதனை என்று படியிறங்கி நடந்தாள். கெட்ட சரக்கு வைத்திருப்பவள் தெருமுனை வரை கூவிக் கூப்பிடுவாள். நல்ல சரக்குக்காரி வாய் திறக்க மாட்டாள். வேம்பு நடையைத் தளர்த்தினாள், கொண்டையை அவிழ்த்து முடிந்தாள், செருப்பில் இல்லாத கல்லைத் தட்டினாள். யாரும் கூப்பிடவில்லை.

விலையைப் பார்த்தால் அழுகல், வாயைப் பார்த்தால் புதுசு. இப்படி ஒரு சரக்கை அவள் கண்டதில்லை. இன்னும் ரெண்டு நாள் யோசிக்கலாம் என்று வீட்டுக்கு வந்து, ஐஸ் பற்றாத நாளில் மீன்மேல் மெல்லிசாகப் பரப்புகிற மாதிரி, முதல் பாட்டிலில் மிச்சமிருந்த மருந்தை வேளைக்குப் பாதியாக ஊற்றிக் கொடுத்தாள்.

மறுநாள் ஏலம் முடிகிற நேரத்தில் பெட்டியைத் தூக்கக் குனிந்த கண்ணையன், அப்படியே தரையில் உட்கார்ந்தான். வலியில்லை, சத்தமில்லை. நிதானமாகச் சொன்னான்: "வேம்பு, காலு என்னுது இல்ல."

ஆட்டோ கோரிமேடு போய்ச் சேர்வதற்குள் கையும் அவனுடையதாக இல்லை. மறுபடி அதே உப்பு, அதே சொட்டு. எவ்வளவு மருந்து கொடுத்தாய் என்று டாக்டர் கேட்டார். ஐஸ் பரப்பிய கதையையும் கூப்பிடாத கடைக்காரியையும் வேம்பு ஒளிக்காமல் சொன்னாள். இதயத் தசை துடிக்கவும் இந்த உப்புத்தான் வேண்டும், ரொம்பக் குறைந்தால் அதுவும் நின்றுவிடும் என்றார் டாக்டர்.

"ரெண்டு கடை பாட்டில்லயும் உள்ள இருக்கிற உப்பு ஒண்ணுதாம்மா" என்றார். "அந்தக் கடை பாட்டிலயே குடு. அளவ மட்டும் கொறைக்காத. ஒரு வாரம் கழிச்சு ரத்தம் எடுத்துப் பாத்தா, உப்பு ஏறிச்சா இல்லையான்னு தெரிஞ்சிடும்."

"அப்ப இதுக்கும் செவுள் இருக்குது" என்றாள் வேம்பு.

டாக்டருக்குப் புரியவில்லை. கட்டிலில் கிடந்த கண்ணையனுக்குப் புரிந்தது. சிரிக்க முயன்றான், உதட்டின் ஒரு ஓரம் மேலேறியது. அந்த ஓரத்தில் இருந்துதான் அவன் அன்றைக்குத் திரும்பி வரத் தொடங்கினான்.

மறுநாள் பூர்ணிமாவின் கடையில் பாட்டில்களைப் பையில் அடுக்கிக்கொண்டே, அன்று ஏன் கூப்பிடவில்லை என்று வேம்பு கேட்டாள்.

"கூப்பிடணுமாக்கா?" என்றாள் அந்தப் பெண், நிஜமாகவே தெரியாமல்.

ஒரு வாரம் வேளை தவறாமல், மூடியின் கோடு வரை ஊற்றித் தண்ணீர் கலந்து கொடுத்தாள். ஒருமுறை ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தாள். கடல் தேவலாம் என்றிருந்தது. இந்தக் கசப்பு எந்த வழியாகப் போய் எந்தக் கதவைத் தட்டி அவ்வளவு பெரிய உடம்பை எழுப்புகிறது என்று அவன் தொண்டைக்குழி ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரத்தம் பார்த்தார்கள். உப்பு நிற்கவேண்டிய அளவில் நின்றது. இதையே குடிக்கட்டும் என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரி வாசலில் பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. கண்ணையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி, படியில் தாவி ஏறித் திரும்பிப் பார்த்தான். வேம்பு ஓடவில்லை. நடுவழியில் நின்று அவன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டக்டர் விசிலடித்துத் திட்டியது அவள் காதில் விழவே இல்லை.