களிமண்ணில் போன மோதிரம்

1924இல் ஆஸ்திரேலியாவின் பெண்டிகோ பக்கம் எங்கள் ஊர்த் தொழிற்பள்ளியில் லோவீனா ட்ரெவின் மண்பாண்ட வடிவமைப்பு ஆசிரியை. ஹெஸ்டர் என்கிற நான் அவளுக்கு உதவி ஆசிரியை. அவள் வரைந்த யூகலிப்டஸ் இலை ஓடுகள் மெல்போர்ன் தேநீர்க்கடைச் சுவர்களில் ஏறிவிட்டன. அதே இலையை நான் வரைந்தால் வாடிய கீரை மாதிரி இருக்கும். பொறாமை இல்லை என்று சொன்னால் பொய்.

கல்யாணமான பெண்ணுக்கு ஆசிரியை வேலை கிடையாது. லோவீனாவோ ஜனவரி விடுமுறையில் ஓசைப்படாமல் ஒரு தச்சரைக் கட்டிக்கொண்டாள். எனக்கு மட்டும்தான் தெரியும். பள்ளிச் சூளையை விட்டால் அவளுக்கு வேறு சூளை இல்லை. வேலை போனால் கலையும் அதோடு போய்விடும்.

ஒரு திங்கட்கிழமை கல்யாண மோதிரத்தைக் கழற்ற மறந்து வந்துவிட்டாள். மண் பிசையும்போதுதான் பார்த்தோம். அதற்குள் தலைமையாசிரியர் பாஸ்கோவின் பூட்ஸ் சத்தம் வாசலில் கேட்டது. சட்டென்று மோதிரத்தை உருவி, கையிலிருந்த மண்ணுக்குள் அழுத்திவிட்டாள்.

அவரோடு பள்ளிகளைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டரும் வந்திருந்தார். "மிஸ் ட்ரெவின் பிசைஞ்ச மண்ணுல ஒரு காத்துக்குமிழி இருக்காது, பாருங்க சார்" என்று பெருமையடித்தபடி பாஸ்கோ அந்த உருண்டையைக் கம்பியால் அறுத்தார். கம்பி பாதியில் மாட்டிக்கொண்டது. மண்ணைப் பிளந்து மோதிரத்தை எடுத்தார்.

"யாரோடது இது?"

லோவீனாவின் முகம் வெளுத்துவிட்டது.

"என்னோடதுதான் சார். அம்மா மோதிரம். லொடலொடன்னு இருந்துச்சு, நழுவிடுச்சு போல" என்றேன்.

"நல்லவேளை, அம்மாவை சூளையில வச்சு வேக வைக்கல!" என்று இன்ஸ்பெக்டர் சிரித்தார்.

அவர்கள் போனதும் மோதிரத்தைக் கழுவிக் கொடுத்தேன். "நீ இல்லேன்னா நான் ஒழிஞ்சேன்டி" என்று அழுதாள்.

"போதும்டி, மூக்கெல்லாம் மண்ணு."

மோதிரத்தை மறைத்த மாதிரி வயிற்றை மறைக்க முடியவில்லை. ஆகஸ்டில் பாஸ்கோ அவளை அறைக்குக் கூப்பிட்டார். அரைமணி நேரத்தில் கருவிப்பெட்டியோடு வெளியே வந்தாள். மெல்போர்ன் கண்காட்சிக்கு அவள் செய்த நாற்பது ஓடுகள் சூளையில் அடுக்கியபடி இருந்தன.

"தீயை மெதுவா ஏத்துடி. அவசரப்பட்டா வெடிச்சிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் அவள் வேலையை எனக்குக் கொடுத்தார்கள்.

"ஆறு மாசமா நம்மளை ஏமாத்திட்டா அவ. இந்தப் பள்ளிக்கு உங்களை மாதிரி பொய் சொல்லத் தெரியாத ஆள்தான் வேணும், மிஸ்" என்றார் பாஸ்கோ.

நன்றி சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.