வெறும் ரத்தம்

அந்த ஆய்வகத்தில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். வைத்தவர்கள் மேல் தப்பே இல்லை. காலையில் ஒரு சேதி அவன் காதில் விழுந்தால் மதியச் சாப்பாட்டுக்குள் வாசல் காவல்காரர் வரை போய்விடும். வேலையில் கெட்டிக்காரன் என்பதால் ஆய்வகத்தை நடத்தும் மேடம் அந்த வாயைப் பொறுத்துக்கொண்டிருந்தார்.

அன்று அந்த வாயே அடைத்துப்போனது. எதிரில் சோதனைத் தட்டு. தட்டு நிறையச் சின்னச் சின்னக் குழிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெண்ணின் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர். கரு வந்து ஒட்டும் நாட்களில் கருப்பையின் உட்சுவர் வளர்ச்சிக் காரணிகள் என்ற பொருள்களைச் சுரக்கிறது. வந்த விருந்தாளிக்கு இடம் ஒதுக்கி, ரத்த நாளங்களை வளர்த்து, சோறு தண்ணீருக்கு வழி பண்ணுவது அவற்றின் வேலை. விருந்தாளியும் சும்மா இருப்பதில்லை. நஞ்சுக்கொடி உருவாகத் தொடங்கியதும் அதுவும் தன் பங்குக்குச் சுரக்கிறது. அதில் ஒரு காரணி தாயின் ரத்தத்திலும் ஏறுகிறது. சரியாக ஏறாத பெண்களுக்குத்தான் கரு கலைகிறதா என்பது மேடத்தின் ஆராய்ச்சி. காரணி இருந்தால் குழி மஞ்சளாகும். இல்லையென்றால் தண்ணீர் மாதிரி கிடக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்கக் கர்ப்பமில்லாத பெண்களின் ரத்தமும் வேண்டும். அதை அவர்கள் ‘வெறும் ரத்தம்’ என்பார்கள். வெளியில் யாரைத் தேடி அலைவது என்று, வேலை பார்ப்பவர்களின் வீட்டுப் பெண்களிடமே வாங்குவது அங்கே பழக்கம். யாருடையது என்று எழுதுவதில்லை, எண் மட்டும்தான். இந்த முறை கொடுத்தது ரேடியோவின் மனைவி. எந்த எண் அவளுடையது என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும். அந்தக் குழிதான் பளிச்சென்று மஞ்சளாக இருந்தது.

“ஊத்தினது யாரு?” என்றார் மேடம்.

“நான்தான் மேடம்” என்றாள் புதிதாகச் சேர்ந்த பெண். “சத்தியமா மாத்தி ஊத்தலை.”

“அப்ப வெறும் ரத்தம் தானா மஞ்சளாச்சா? நாளைக்குக் காலையில எனக்குப் பதில் வேணும். இல்லேன்னா நீ வேற இடம் பார்த்துக்கோ.”

ரேடியோவுக்கும் அவள் மேல்தான் சந்தேகம். வந்த நாளிலிருந்தே அவளுக்குக் கை ஓரிடம், கண் ஓரிடம். போன் அடித்தால் பாதி வேலையில் வெளியே ஓடுவாள். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று, உறைபெட்டியில் அதே குழாயில் இருந்த மிச்சத் தெளிநீரை எடுத்துத் தானே ஊற்றினான். காத்திருந்தான். அதுவும் மஞ்சள்.

குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மூடி அவன் போட்டது. லேபிளில் அவன் கையெழுத்து. வேறு யார் கையும் படவில்லை. அப்போதுதான் சந்தேகம் அந்தப் பெண்ணை விட்டு இறங்கி, அவனோடு பஸ் ஏறி, வீட்டுக்குப் புறப்பட்டது.

பஸ்ஸில் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. டீ வாடை பிடிக்கவில்லை என்று டம்ளரைத் தள்ளி வைத்தாள். அவன் உள்ளே வந்தால் கைப்பையைச் சட்டென்று மூடினாள். ரத்தம் எடுத்த அன்று, “இதுல என்ன பார்ப்பீங்க?” என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் கேட்காதவள்! புருஷனிடம் மறைக்கிற அளவுக்கு இதில் என்ன இருக்கிறது? மனசு போகக்கூடாத இடத்துக்கெல்லாம் போய் வந்தது. அவனுக்கே அசிங்கமாக இருந்தது.

அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“எவ்வளவு நாளா எங்கிட்ட மறைக்கிறே?”

கத்தி நின்றது. “எதை?”

“உன் ரத்தம் மஞ்சளாயிடுச்சு.”

அவள் மறுக்கவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. “எங்கிட்ட சொல்றதுக்கென்ன? நான் என்ன மூணாம் மனுஷனா?”

“போன தடவை சொன்னேனே. சாயங்காலத்துக்குள்ள உங்க ஆபீஸ், மாடி வீடு, உங்க அக்கா, எங்க சித்தப்பா எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. அதுக்கு முந்தின தடவையும் அப்படித்தான். கலைஞ்சப்புறம் ஒவ்வொருத்தரா விசாரிக்க வந்தாங்க. நீங்க வேலைக்குப் போயிட்டீங்க. கதவைத் திறந்து திறந்து பதில் சொன்னது நான்.”

அவன் தோள் பையை இறக்கி வைத்தான்.

“அப்போ ரத்தம் ஏன் குடுத்தே?” என்றான்.

“வேண்டாம்னா உங்களுக்கு மூக்குல வேர்த்திருக்கும். அதோட…” கத்தியைக் கீழே வைத்தாள். “எனக்கும் தெரிஞ்சுக்கணும்போல இருந்துச்சுங்க. நல்லா மஞ்சளா இருந்துச்சா?”

பார்க்கிறவர்களுக்கெல்லாம் தட்டைப் பற்றிப் பாடம் எடுப்பவன், அவளுக்கு ஒரு வாக்கியம் சொல்லத் திணறினான். “ஒரு தட்டை வச்சு எதையும் உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா நல்ல மஞ்சள்.”

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். “யார்கிட்டயும் சொல்லாதீங்க. இந்தத் தடவை மட்டுமாவது.”

காலையில் மேடத்தின் அறையில் புதுப்பெண் நின்றிருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. ‘என் மனைவி கர்ப்பம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் வேலை தப்பும். சொல்லிவிட்டால் மதியத்துக்குள் காவல்காரர் வரை போகும், அங்கிருந்து வீட்டு வாசல் வரை வரும். வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினான்.

“இந்தப் பொண்ணு சரியாத்தான் ஊத்தியிருக்கா மேடம். நானே திரும்ப ஊத்திப் பார்த்துட்டேன். அந்தக் குழாய்ல லேபிள் ஒட்டினது நான். தப்பு என்னோடது.”

“நீயா?” மேடம் கண்ணாடியைக் கழற்றினார். “எப்படி?”

“கவனிக்கலை மேடம்.”

“இவ்வளவுதானா? நீ பேசினா நிறுத்த மாட்டியே. என்ன மறைக்கிறே?”

மேடம் இன்னும் கொஞ்ச நேரம் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது திறக்கவில்லை. “இனிமே நீ தட்டுப் பக்கம் வர வேண்டாம். கழுவுற அறைக்குப் போ” என்றார்.

வெளியே வந்ததும் புதுப்பெண் பின்னாலேயே வந்தாள். “அண்ணா, நீங்க லேபிள் மாத்துற ஆள் இல்லை. என்னமோ இருக்கு.”

“ஒண்ணுமில்லம்மா. போய் வேலையைப் பாரு. போனை மட்டும் அணைச்சு வை.”

அன்று முழுக்கக் கண்ணாடிக் குப்பிகளைக் கழுவினான். கை ஊறிப்போய் வாசலுக்கு வந்தபோது காவல்காரர் ஆவலாக எழுந்தார். “என்ன ரேடியோ, கழுவுற அறைக்குப் போயிட்டியாமே? உள்ளே என்ன சேதி?”

“ஒரு சேதியும் இல்லை.”

காவல்காரர் நம்பவில்லை. அவன் தெருமுனை திரும்பும்வரை சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டே நின்றார்.

அன்று அவன் வீட்டுக் கதவை அவனைத் தவிர வேறு யாரும் தட்டவில்லை.