லூசியன் பூசாத மஞ்சள்

அமெரிக்காவின் வெர்மான்ட் மலைச்சரிவில் மேப்பிள் தோப்பு வைத்திருந்த லூசியன் திபோ, பதினெட்டு வருடமாக அக்டோபர் பிறந்தால் ஒரே பொய்யைத்தான் சொல்லிவந்தார். குளிர் தொடங்கும்போது பச்சை இலைகளுக்கெல்லாம் மஞ்சளும் சிவப்புமாகச் சாயம் பூசுவது அவர்தானாம். கனடா எல்லையில் ஏணியைச் சாத்தித் தெற்கே இறங்கிக்கொண்டே வருவாராம். மேப்பிளுக்கு இரண்டு பூச்சு. ஓக் மரத்துக்கு வருவதற்குள் டப்பாவின் அடியில் வண்டல்தான் மிஞ்சும். அதனால்தான் அது பழுப்பு. இலை பார்க்க வரும் வெளியூர்க்காரர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். ஆறு வயது மகள் ரோஸலி சிரிக்கவில்லை, நம்பினாள்.

நம்பியதோடு நிற்காமல் வெள்ளிக்கிழமை வகுப்பில் எழுந்து சொல்லியும்விட்டாள். வகுப்பே சிரித்தது. திங்கட்கிழமை நிரூபித்துக் காட்டுவதாகச் சவால் விட்டு வந்திருந்தாள்.

ஞாயிறு மதியம் கை நீட்டினாள். "அப்பா, உங்க பிரஷ்ஷக் குடுங்க. நாளைக்குக் காட்டணும்."

 பொய் என்று ஒப்புக்கொண்டால் இனி இவள் லூசியன் பேச்சை எப்போது நம்புவாள்? பொய்யை விடாமல் பிடித்தால் நாளைக்கும் வகுப்பில் சிரிப்பார்கள்.

பத்து வயதான மூத்த மகள் ஓடெட் குறுக்கே வந்தாள். "பிரஷ் எதுக்குடி? நல்ல பச்சை இலையா நாலு பறிச்சிட்டு வா. அப்பா சாயம் பூசறாரா, மரமே உள்ள நிறத்த வெச்சிருக்கான்னு பாத்துடலாம்."

இலையைப் பொடியாகக் கிழித்து ஜாம் ஜாடியில் போட்டார்கள். நிறம் கரைந்து வர மேலே ஊற்ற ஆல்கஹால் கொடுத்தவர் லூசியன்தான். முழங்காலுக்குத் தேய்க்கிற புட்டி. அதில் நனைத்த காபி வடிதாள் பச்சையாகவே வந்தது.

"பாத்தீங்களா? உள்ள வெறும் பச்சை. மஞ்சள் என் டப்பாவுலதான்," என்றார் லூசியன், கொஞ்சம் நிம்மதியாக.

ஓடெட் புட்டியை ஜன்னலோரம் தூக்கிப் பிடித்தாள். "அப்பா, உங்க தைலமே பச்சை! இந்த ஊர்ல முழங்கால் வலிக்கிற எல்லார் வீட்டுலயும் இதே புட்டிதான். இதுல காக்காவ முக்குனாலும் பச்சையாத்தான் வரும்."

நிறமில்லாத ஆல்கஹாலைத் தேடி எடுத்து, புது இலை போட்டு, ஜாடியை வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்தார்கள். வடிதாளில் ஒரு பட்டை வெட்டி உள்ளே தொங்கவிட்டார்கள். ஒரு மணி நேரம் மூவரும் மேஜையில் முகவாயை வைத்துக் கிடந்தார்கள்.

முதலில் பச்சை ஏறியது. பிறகு அதன் தலைக்கு மேலே, யாரும் கூப்பிடாமல், மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று தனியாகப் பிரிந்து நின்றது.

லூசியன் ஜன்னல் வழியே நிமிர்ந்து பார்த்தார். சரிவில் பாதி மரங்கள் இன்னும் பச்சை. அத்தனை இலையிலும் மஞ்சள் இருக்கிறது. இலை துளிர்த்த மே மாதத்திலிருந்தே இருந்திருக்கிறது. அவர் அதன் அடியில் நின்றுதான் இத்தனை வருடம் புளுகியிருக்கிறார். ஒரு புளுகுகூட இதன் உயரத்துக்கு எட்டவில்லை.

ரோஸலி ஜாடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அப்போ நீங்க மஞ்சள் பூசல. பச்சையச் சுரண்டறீங்க. அப்படித்தானே?"

எடுத்துக்கொள் என்று அவளே நீட்டிய புதுப் பொய். லூசியனுக்கு நாக்கு ஊறத்தான் செய்தது.

"இல்லடா கண்ணு. நான் ஒண்ணுமே செய்யல. இத்தன நாளும் சொன்னது பொய். குளிர் வந்தா மரமே பச்சையக் கலைச்சிடுது, அடியில இருந்த மஞ்சள் வெளிய தெரியுது."

ரோஸலி அவரை முறைத்தாள். பிறகு பட்டையைப் பார்த்தாள். "இதப் போய்ச் சொன்னா எவன் நம்புவான்?"

"நம்பமாட்டான். ஜாடியக் கையோட எடுத்துட்டுப் போ."